பதினாறாவது பொருள்

"அவரோட ஆபீஸுக்குப் போன் பண்ணினேன் டீச்சர். ஒரு நாய் எடுத்துச்சு."

வந்திருந்த அம்மாள் இதைச் சொல்லிவிட்டுக் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். சேலை மட்டும் கசங்காமல் இருந்தது.

டீச்சருக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் தேர்வுக் கூடங்களில் மேற்பார்வை பார்த்தவர். சட்டைக் காலர், செருப்பின் அடி, தண்ணீர் பாட்டிலின் லேபிள் என்று மனிதன் பிட்டை எங்கெல்லாம் ஒளிப்பான் என்பது அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற மறு மாசமே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துப்பறியும் தொழிலைத் தொடங்கிவிட்டார். அவருடைய ஒரே உதவியாளர் அவருடைய மருமகன். வேலை போய் எட்டு மாசமாகச் சோபாவில் கிடந்தவரை, "சும்மா இருக்கிற நேரத்துக்கு அம்மாகூடப் போய்ட்டு வாங்களேன்" என்று மகள்தான் தள்ளிவிட்டிருந்தாள். அவர் இவரை அத்தை என்பார், இவர் அவரை மாப்பிள்ளை என்பார். ஆளைத் துரத்திக்கொண்டு ஓடும்போதுகூட "வாங்க", "போங்க" மாறாது. நாமும் அப்படியே அழைத்துக்கொள்வோம்.

"நாய் என்ன சொல்லுச்சு?" மாப்பிள்ளை நோட்டைத் திறந்தார்.

"குரைச்சுது."

"பேர் கேட்டீங்களா?"

"மாப்பிள்ளை," என்றார் அத்தை. மாப்பிள்ளை பேனாவைத் திறந்து வாயை மூடிக்கொண்டார்.

அம்மாளின் கணவர் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. கடைவீதி நடுவில் இருக்கும் பழைய பேங்க் கட்டிடத்தில், மூணாம் மாடியில் ஆபீஸ். முப்பத்தொரு வருஷமாகக் காலை ஒன்பதுக்குக் கிளம்புவார், சாயங்காலம் ஆறுக்கு வீட்டில் இருப்பார். ஒரு நாள் பிசகியதில்லை. முந்தாநாள் கிளம்பியவர் திரும்பவில்லை. செல்போன் அணைந்து கிடக்கிறது. காவல் நிலையத்தில், "பெரிய மனுஷன்தானே, வருவார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் நம்பருக்கு அம்மாள் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பேசியதில்லை. "ரொம்ப அவசரம்னா மட்டும் பண்ணு" என்று கணவர் சொல்லி வைத்திருந்தார். நேற்றுத்தான் முதல் தடவையாக ரொம்ப அவசரம் வந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, இன்று காலையில்தான் எடுத்தார்கள்.

"நாய்க்கு அப்புறம் ஒரு பொண்ணு பேசினா. எடுத்த எடுப்புல 'குளிக்கவா, முடி வெட்டவா'ன்னு கேட்டா. நான் வெச்சுட்டேன்." அம்மாள் கைப்பையை இன்னும் இறுக்கினார். "இவர் எந்த மாதிரி இடத்துக்கு டீச்சர் போய்ட்டு வந்திட்டிருந்தார்?"

"நேர்லயே போய்ப் பார்த்துடுவோம்," அத்தை எழுந்தார். "நீங்களும் வாங்க."

பழைய பேங்க் கட்டிடத்தில் பேங்க் இருந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனால் வாசல் நெற்றியில் 'சேமிப்பே செல்வம்' என்று கல்லில் வெட்டிய எழுத்து அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஜிம்காரர்கள் 'வியர்வையே செல்வம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். முதல் மாடியில் எப்போதோ ஜவுளிக்கடை. கழற்றிய எழுத்துகளின் தடம் சுவரில் வெளிறித் தெரிந்தது. இப்போது அந்த 'ஜ'வுக்கு மேல் பல் டாக்டரின் ஆளுயரப் பல் ஒன்று தொங்கியது. இரண்டாம் மாடி பத்திரிகை ஆபீஸாக இருந்து நடன வகுப்பாகியிருந்தது. தொம் தொம் என்று தெருவரைக்கும் கேட்டது.

"பாருங்க அத்தை, இத்தனை வேலை மாறியும் ஒரு பழைய விசிட்டிங் கார்டைக்கூடத் தூக்கிப் போடல."

"அது இத்தனை வேலை பார்த்திருக்கு மாப்பிள்ளை. நீங்க ஒண்ணு பார்த்தாப் போதும்."

உள்ளே பேங்கின் பெரிய கூடம்தான் ஜிம். பித்தளைக் கம்பி போட்ட தேக்குக் கவுண்டர் அப்படியே இருந்தது. 'பணம் செலுத்துமிடம்' என்ற பலகைக்குக் கீழே, தொடை பருமனுக்குக் கை வைத்திருந்த பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். ஒரு முழக் கனத்துக்கு இரும்புக்கதவு போட்ட பெட்டக அறைக்குள்ளிருந்து நாலு பேர் முக்கும் சத்தம் வந்தது.

"மூணாம் மாடி குமாஸ்தாவைத் தெரியுமா?" அத்தை கேட்டார்.

"தெரியுமே. கட்டிடத்தோட வந்தவராச்சே."

"முந்தாநாள் அவர் இந்த வாசல் வழியா நடந்து வெளியே போனதைப் பார்த்தீங்களா?"

பயிற்சியாளர் நேர்மையாக யோசித்தார். "இல்லைங்க."

"வேற வாசல்?"

"கிடையாது. பேங்குக்குன்னு கட்டினது. ஒரே வாசல்தான்."

"நீங்க எந்நேரமும் இங்கயே இருந்தீங்களா?"

"திறந்ததுல இருந்து பூட்டுற வரைக்கும். மத்தியானச் சாப்பாடும் இங்கயேதான்."

அம்மாளின் முகம் வெளுத்தது. உள்ளே போன மனிதர் நடந்து வெளியே வரவில்லை. இருப்பதோ ஒரே வாசல்.

"அப்போ இன்னும் உள்ளேதான் இருக்கார்," என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார். தன் குரலுக்குத் தானே கொஞ்சம் பயந்துகொண்டார்.

லிஃப்ட் இரும்பு மடக்குக் கதவோடு அழகாக நின்றது. ஓடத்தான் ஓடாது. மூன்று மாடியும் படியேறினார்கள். மேலே கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை அடித்தது. 'பாலிசிதாரர்கள் வரிசையில் வரவும்' என்ற பழைய பலகைக்குக் கீழே ஆறு நாய்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

"அந்தப் பொண்ணு!" நாய்களை அதட்டிய குரலைக் கேட்டதுமே அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

ரப்பர் ஏப்ரனும் முழங்கை வரை நுரையுமாக நின்ற பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். நாய்களுக்கு முடி வெட்டும் சலூனை நாலு வருஷமாக நடத்துகிறாள். குமாஸ்தா என்ற சொல்லைக் கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவரைத்தாங்க நானும் தேடறேன்! கடைக்கு ரெண்டு நாள் லீவு விட்டிருந்தேன். இன்னிக்கு வந்து பார்த்தா ஆளைக் காணோம். இதோ, இந்தப் பெரிய நாய் இருக்கே, அவர் பக்கத்துல உக்காந்தாத்தான் நகம் வெட்ட விடும்."

"அவர் உங்ககிட்டதான் வேலை பார்க்கிறாரா?" அம்மாள் கேட்டார்.

"எங்ககிட்டயா? இல்லைங்க. அவர் கட்டிடத்தோட வந்தவர்."

"அப்போ இன்சூரன்ஸ் ஆபீஸ்?"

"அது மூடிப் பதினோரு வருஷமாச்சே! அப்புறம் இங்க பியானோ கிளாஸ் நடந்துச்சு. அதுக்கப்புறம் குடை ரிப்பேர். அப்புறம் நாங்க. போன் நம்பர் மட்டும் மாறல." சொல்லும்போதே எதிரில் நிற்பவர் யார் என்று அவளுக்குப் புரிந்தது. "ஐயோ, நீங்க அவரோட..."

அம்மாள் நாய்க்காரர்கள் உட்காரும் பெஞ்சில் மெல்ல அமர்ந்தார். பதினோரு வருஷம் அவர் கொடுத்தனுப்பிய கேரியர் எங்கே திறக்கப்பட்டதோ அந்த அறையை, முதல் தடவையாகச் சுற்றிப் பார்த்தார்.

ஜன்னலோரத்தில் ஒரு தேக்கு மேசை இருந்தது. கால்களைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். விளிம்பில் 13 என்று பொறித்த பித்தளைத் தகடு. மேசைக்குப் பின்னால் சுவரில், வட்டமாக ஒரு இடம் மட்டும் அழுக்குப் படியாமல் வெளுப்பாக இருந்தது. தரையில் நாற்காலிக் கால்கள் அழுத்திய நாலு பள்ளங்கள். நாற்காலி இல்லை.

அத்தை குனிந்து தரையைக் கண்ணாடி வழியாகவும் கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்தார். "இங்க ஒரு கடிகாரம் மாட்டியிருந்ததா?"

"ஆமா. அட, அதையும் காணோம்! நாய் குளிப்பாட்டுற அவசரத்துல நான் கவனிக்கவே இல்ல."

"நாற்காலியை இழுத்திருந்தா தரையில கோடு விழுந்திருக்கும். விழல. தூக்கியிருக்காங்க. மேசை பதிமூணுன்னா, பதினாலும் பதினஞ்சும் என்ன?"

பெண் டிராயரிலிருந்து வாடகைப் பத்திரத்தை எடுத்து, கடைசியில் இணைத்திருந்த பட்டியலைப் பிரித்துக் காட்டினாள். கையால் எழுதிய பட்டியலின் நகல். 'இக்கட்டிடத்தில் பாதுகாக்கப்பட வேண்டிய பொருள்கள்' என்று தலைப்பு. மாப்பிள்ளை கடைசி வரிகளை உரக்கப் படித்தார்.

"பதிமூணு. மேசை, தேக்கு, தரையோடு பொருத்தப்பட்டது, ஒன்று. பதினாலு. சுவர்க் கடிகாரம், ஊசலுடன், ஒன்று. பதினஞ்சு. நாற்காலி, கைப்பிடியுடன், ஒன்று. பதினாறு." அவர் நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "பதினாறு. எழுத்தர், அமர்ந்த நிலையில், ஒன்று."

அத்தை பட்டியலை வாங்கி ஒரு தடவை தானே படித்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நாற்காலிக்குக் கைப்பிடி இருக்குன்னு குறிப்பா எழுதியிருக்காங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை. "இவருக்குக் கையிருக்கான்னு எழுதல."

"பழமையான கட்டிடம்ங்க," பெண் விளக்கினாள். "இந்த லிஸ்ட்ல இருக்கிற எதையும் நகர்த்தக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. அவர் மேல தண்ணி தெறிச்சாக்கூட நான் எழுதிக் கொடுக்கணும். படிக்கட்டுக்கு மெழுகு, கடிகாரத்துக்கு எண்ணெய், அவருக்குச் சம்பளம், எல்லாம் பராமரிப்புல வரும். நாலு மாடிக்காரங்களும் பகிர்ந்துக்கிறோம்." சட்டென்று அவள் குரல் மாறியது. "கடவுளே! இன்னிக்கு நாலு மணிக்கு அதிகாரி அம்மா சரிபார்க்க வர்றாங்க. லிஸ்ட்ல ஒண்ணு குறைஞ்சாலும் கட்டிடத்துக்குப் பாதுகாப்புப் போயிடும். பக்கத்து மனைக்காரர் எப்படா இடிக்கலாம்னு இயந்திரத்தோட நிக்கிறார்."

ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் இயந்திரம் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மணி இரண்டரை.

அத்தை ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். திறந்தார். அறுபத்திரண்டு வயது முழங்கால்களைப் பற்றிக் கவலைப்படாமல் மூன்று மாடியும் இறங்கி, ஜிம் கவுண்டர் முன்னால் மூச்சிரைக்க நின்றார்.

"தம்பி, தப்பா கேட்டுட்டேன். அவர் நடந்து போனாரான்னு கேட்டேன். நீங்க இல்லைன்னீங்க. எப்படித்தான் போனார்?"

"உக்காந்துக்கிட்டு," என்றார் பயிற்சியாளர்.

"என்னது?" பின்னால் இறங்கி வந்த அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பின் தெரு பாலிஷ் பட்டறை ஆளுங்க நாலு பேர் வந்தாங்க. மேல் சாவி என்கிட்ட ஒண்ணு இருக்கு, காலையில அவருக்கு நான்தான் திறந்து விட்டேன். முதல்ல கடிகாரம் இறங்குச்சு. அப்புறம் நாற்காலி. அதுல அவர் உக்காந்திருந்தார். எனக்குக் கையாட்டிட்டுப் போனார். ஏதோ பெரிய மரியாதை பண்றாங்கன்னு நினைச்சேன்."

"இதை அப்பவே சொல்றதுக்கென்ன?" மாப்பிள்ளை கொதித்தார்.

"நடந்து போனாரான்னுதானே கேட்டாங்க?"

"கேள்வி தப்புன்னா விடையும் தப்பு," என்றார் அத்தை. "முப்பது வருஷம் பிள்ளைங்ககிட்டச் சொன்னது. வாங்க, பட்டறைக்குப் போவோம்."

பின் தெருவில் வார்னிஷ் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனாலே பட்டறை வந்துவிட்டது. கால் இழந்த மேசைகள், கண்ணாடி இல்லாத அலமாரிகள் நடுவே கடிகாரம் மல்லாந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி. அதில் குமாஸ்தா.

அம்மாள் முதல் பார்வையில் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தலைமுடி அட்டைக் கறுப்பு. மீசையை ஓரம் வெட்டிச் சீராக்கியிருந்தார்கள். சட்டைப் பித்தான்கள் அத்தனையும் புதுசு. கிழவர் ஒருவர் மண்டியிட்டு அவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் அவர்தான்.

"இன்னும் வேலை முடியலைங்க," என்றார் திரும்பாமலே. "ஒரு பூச்சு பாக்கி."

குமாஸ்தா மனைவியைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க, உக்காருங்க! அமர்ந்த நிலை!" பட்டறைக்காரர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"ஏங்க..." என்றார் அம்மாள். கிட்டப் போய்க் கணவரின் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதார்.

அத்தை பட்டறைக்காரரைக் கிடுக்கிப் பிடி போட்டார். கிழவர் ஒளிவு மறைவில்லாமல் அதிகாரி கையெழுத்திட்ட ஆணைத்தாளை நீட்டினார். 'பொருள் 14, 15, 16. பட்டியலிட்ட நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுவரவும்.' கூடவே ஒரு புகைப்படம். பதினோரு வருஷத்துக்கு முந்திய குமாஸ்தா, கறுத்த முடியோடு.

"ஆளுன்னு தெரியலையா உங்களுக்கு?" மாப்பிள்ளை கேட்டார்.

"தெரிஞ்சுதுங்க. ஆனா தாள்ல பொருள்னு இருக்கு. நான் இது வரைக்கும் வந்த வேலையைத் திருப்பி அனுப்பினதில்ல. வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். ராத்திரி தூசி படாம போர்வை போர்த்தி விட்டேன்."

"செல்போன்?"

"படத்துல இல்ல. மூலத்துல இல்லாத உதிரிபாகம். கழட்டி டிராயர்ல வெச்சிருக்கேன்."

"நான் நடந்தே வர்றேன்னுதான் சொன்னேன்," குமாஸ்தா முதல் தடவையாக வாய் திறந்தார். "பொருள் நடக்காதுன்னு சொல்லிட்டாங்க."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். துக்கம் போய்க் கோபம் வந்திருந்தது. "எந்த மகராசி உங்களை மேசை நாற்காலியோட சேர்த்து எழுதினது? நாலு மணிக்கு வருவா இல்ல, அவளை நான் பார்த்துக்கிறேன்!"

குமாஸ்தா தன் பளபளக்கும் ஷூவைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை அத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார், மூன்றாவது பெஞ்சில், ஐந்தாவது பெஞ்சில். பட்டறை மேசையில் பொருள் பெற்ற ரசீது கிடந்தது. அதை எடுத்தார். "இதை எழுதினது யாரு?"

"அவரேதான்," என்றார் பட்டறைக்காரர். "எனக்குப் படிக்கத்தான் வரும், எழுத வராது. அவர் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்."

அத்தை கையோடு கொண்டு வந்திருந்த பட்டியலை ரசீதுக்குப் பக்கத்தில் விரித்தார். "மாப்பிள்ளை, ரெண்டுலயும் இருக்கிற 'எழுத்தர்'ல ழ-வைப் பாருங்க."

"எல்லாரும் வாலைக் கீழே இறக்குவாங்க," மாப்பிள்ளை மூக்கு தாளில் உரசும்படி குனிந்தார். "இது சுத்தி மேல போய்த் தன் முதுகைத் தானே சொறிஞ்சுக்குது. ரெண்டுலயும்." நிமிர்ந்தார். "அத்தை! பதினாறு வரியும் ஒரே கை. ஒரு மனுஷன் தன்னையே பிட்டா மடிச்சுக் கட்டிடத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கார்!"

அம்மாள் கணவரைப் பார்த்தார்.

"அதிகாரி அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்," என்றார் குமாஸ்தா மெதுவாக. "அவங்களோட வந்த ஆளுக்குக் கையில கட்டு. பதினஞ்சு பொருள் சொல்லி முடிச்சுட்டு ஜன்னலை அளக்கப் போனாங்க. பேனா என் கையில இருந்துது. அன்னிக்கு மத்தியானம்தான் ஆபீஸை மூடினாங்க. எல்லாரும் டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயாச்சு. எனக்குக் கால் நகரல."

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்குக் காலையிலதான் நம்ம பொண்ணு முதல் நாள் வேலைக்குப் போனா. ஞாபகம் இருக்கா? நீ வாசல்ல நின்னு பக்கத்து வீட்டையெல்லாம் கூப்பிட்டு, 'என் வீட்ல இருந்து இப்போ ரெண்டு பேர் ஆபீஸ் போறாங்க'ன்னு சொன்னே. சாயங்காலமே வந்து ஒருத்தர்தான்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு பதினாறாவதா என்னையே எழுதினேன்."

"அந்த நாளைக்கு வரவேயில்லையா?"

"வரல."

"சரி, இந்த ரெண்டு நாள்? டிராயர் அங்கதானே இருக்கு? போனை எடுத்து ஒரு வார்த்தை?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பார். நான் கேக்கல." குமாஸ்தா நாற்காலிக் கைப்பிடியைத் தடவினார். "தினமும் பொய் சொல்லிக்கிட்டேதான் வீட்டுக்குள்ள வந்தேன். இந்த ரெண்டு நாள்தான் சொல்லல. உன்னைத் தவிக்க விட்டேன்னு தெரியும். தப்புதான்."

அம்மாள் கை நீட்டி அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார். "முடி நல்லாவே இல்ல," என்றார் கடைசியில்.

மூன்றே முக்காலுக்கு ஊர்வலம் கிளம்பியது. நாற்காலியை நாலு பேர் தூக்கினார்கள். குமாஸ்தா அதில் அமர்ந்த நிலையில் வந்தார். கடிகாரத்தை இரண்டு பேர் சுமந்தார்கள். மாப்பிள்ளை ஊசலை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். கடைவீதியில் சிலர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மூணாம் மாடியில் நாற்காலியின் நாலு காலும் நாலு பள்ளத்தில் இறங்கிய அதே நேரம் கதவு திறந்தது.

ஒல்லியான அதிகாரி அம்மாள். கையில் அளவு நாடா, கக்கத்தில் கோப்பு. பன்னிரண்டு வரை கீழேயே சரிபார்த்துவிட்டு வந்திருந்தார்; பதிமூன்றில் தொடங்கினார். மேசையைத் தட்டிப் பார்த்தார். கடிகாரத்தின் ஊசலை ஆட்டிவிட்டார். நாற்காலிக் கைப்பிடியை அளந்தார். புகைப்படத்தையும் குமாஸ்தாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல வேலை," என்று பட்டறைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். "பதினாறும் இருக்கு." கையெழுத்துப் போட்டார்.

சலூன்காரப் பெண் நுரையோடு நாயைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பாடா," என்றார் அம்மாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"எங்க?" அதிகாரி நிமிர்ந்தார்.

"வீட்டுக்குத்தான். தினமும் வர்ற மாதிரி."

அதிகாரி பேனாவை மூடினார். "தினமுமா? பாதுகாக்கப்பட்ட பொருள் தினமும் கட்டிடத்தை விட்டு வெளியே போயிருக்கா?"

"சாயங்காலம் ஆனா வீட்டுக்கு வர மாட்டாரா?"

"எத்தனை வருஷமா?"

"பதினோரு வருஷமா."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"எங்க வெப்பாங்க? வீட்லதான்!"

"அனுமதி வாங்கினீங்களா?"

"கல்யாணத்தன்னிக்கே வாங்கிட்டேன்!"

"அது பட்டியலுக்கு முந்தி," என்றார் அதிகாரி. "பட்டியலுக்குப் பிந்தி நாலாயிரம் தடவைக்கு மேல நீங்க இதை அனுமதியில்லாம வீட்ல வெச்சிருந்திருக்கீங்க. இது பெரிய குத்தம்மா."

மாப்பிள்ளை அத்தையின் காதருகே குனிந்தார். "நாம தேடி வந்தது காணாமப்போன ஆளை. கண்டுபிடிச்சது திருட்டுப் பொருளை. கேஸ் கொடுத்தவங்களே திருடி. இந்த மாதிரி நமக்கு அமைஞ்சதே இல்ல அத்தை."

"அப்போ லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க!" அம்மாள் கத்தினார். "எனக்கு என் வீட்டுக்காரர் வேணும்!"

"ஒரு வரியை அடிச்சா முழுப் பட்டியலும் செல்லாது. இடிச்சுடுவாங்க," என்று அதிகாரி ஜன்னலைக் காட்டினார். மஞ்சள் இயந்திரம் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றது.

அத்தை தொண்டையைச் செருமினார். தேர்வுக் கூடத்தில் கடைசிப் பத்து நிமிஷம் என்று அறிவிக்கும் செருமல்.

"ஒரு சந்தேகம்மா. கீழே அந்தத் தேக்குக் கவுண்டர் பட்டியல்ல மூணாவது பொருள். பேங்க் கவுண்டரா இருந்தது இப்போ ஜிம் கவுண்டர். எப்படி விட்டீங்க?"

"பயன்பாட்டு மாற்றப் படிவம் கொடுத்தாங்க. உருவத்தை மாத்தாம உபயோகத்தை மட்டும் மாத்திக்கலாம்."

"அது எந்தப் பொருளுக்கும் பொருந்துமா? இல்ல, கவுண்டருக்கு மட்டுமா?"

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிதானமாக இரண்டு தடவை படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோப்பிலிருந்து ஒரு படிவத்தை உருவி அம்மாளிடம் நீட்டினார்.

அம்மாள் மேசையில் குனிந்து நிரப்பத் தொடங்கினார். 'தற்போதைய பயன்பாடு' என்ற இடத்தில் எழுத்தர் என்று எழுதினார். 'உத்தேசிக்கும் பயன்பாடு' என்ற இடத்தில் கணவர்.

"புதிய பயன்பாட்டால் அக்கம்பக்கத்தாருக்கு ஒலித் தொந்தரவு உண்டா?" அதிகாரி அடுத்த கேள்வியைப் படித்தார்.

"குறட்டை உண்டு. பழகிட்டாங்க."

"வாகனம் நிறுத்த இடம்?"

"பஸ்லதான் போவார்."

"வெளித்தோற்றத்தில் மாற்றம் செய்வீர்களா?"

அம்மாள் நிமிர்ந்து கணவரின் தலைமுடியைப் பார்த்தார். "ஒரு மாசத்துல தானா வெளுத்துடும்."

அதிகாரி முத்திரை குத்தினார். அத்தை மெல்ல அவர் பக்கம் நகர்ந்தார். "அன்னிக்கு நீங்க சொன்னது பதினஞ்சு பொருள்தானே?"

"ஆமா," என்றார் அதிகாரி, மை காய ஊதிக்கொண்டே. "ஆபீஸ் போய்த்தான் பார்த்தேன். முத்திரை வெச்சு மூணு நகல் எடுத்தாச்சு. மறுநாள் சரிபார்க்கத் திரும்பி வந்தேன். இந்த மாடி முழுக்கக் காலி. அவர் மட்டும் உக்காந்திருந்தார். எழுதினது பொய்னு எனக்குச் சொல்ல வரல." கோப்பைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

குமாஸ்தா நாற்காலியிலிருந்து எழுந்தார். யாரும் அவரைப் பிடித்து அழுத்தவில்லை. அது அவருக்கே கொஞ்சம் பழக்கமில்லாமல் இருந்தது. எழுந்து நின்றவர் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

பெரிய நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு சலூன்காரப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஐயா, நாளைக்கும் வருவீங்களா? பொருளா இல்ல. ஆளா. நீங்க இல்லாம என்னால நகம் வெட்ட முடியாது."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "வீட்ல கேட்டுத்தாம்மா சொல்லணும்," என்றார்.

"வீடு இங்கதான் நிக்குது," என்றார் அம்மாள். "கேளுங்க."

குமாஸ்தா திரும்பினார். நாய்கள், மாப்பிள்ளை, பட்டறை ஆட்கள், எல்லாருக்கும் முன்னால், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மனைவியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். "எனக்கு ஆபீஸ் இல்ல. இங்க நாய் பிடிச்சுக்கிற வேலை ஒண்ணு இருக்கு. போகட்டுமா?"

அம்மாள் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கைப்பையைப் பக்கத்தில் வைத்தார். கடிகாரத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தவர்களிடம் மணி கேட்டார். நாலு பத்து என்றார்கள்.

"ஆபீஸ் விடற நேரம், அஞ்சு மணிக்குச் சொல்றேன்," என்றார். "அது வரைக்கும் நீங்க அங்கயே உக்காந்திருங்க."

குமாஸ்தா உட்கார்ந்தார். பெரிய நாய் அவர் காலடியில் வந்து படுத்து, நகத்தை நீட்டியது.